மூன்று சரி, ஒன்று தப்பு

பரீட்சையில் காப்பியடித்து மார்க் வாங்குகிறவர்களை எல்லோருக்கும் தெரியும். மார்க் குறையவேண்டும் என்று மெனக்கெட்டுத் தப்பு விடுகிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? லமாண்ட் பெட்வே ஒன்பது வருஷமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தான். அவன் மட்டுமில்லை, அவன் ஆடும் அணியில் பாதிப் பேர் அப்படித்தான். சம்பளத்துக்கு அமெரிக்க ஃபுட்பால் ஆடுகிற, ஒவ்வொருவனும் வாசல் நிலையை அடைத்துக்கொண்டு நிற்கிற முரட்டு ஆட்கள், ஜூலைக் கடைசியில் ஒரு நாள் ஒஹையோவில் ஒரு கல்லூரி வகுப்பறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, முழு மனசோடு தப்புத்தப்பாகப் பதில் போடுவார்கள்.

காரணம் இல்லாமல் இல்லை. ஆட்டக்காலம் தொடங்குவதற்கு முன்னால், தலை நன்றாக இருக்கும்போது, எல்லோருக்கும் ஒரு சோதனை வைப்பார்கள். பன்னிரண்டு சொற்கள் திரையில் வரும், போகும். கொஞ்ச நேரம் கழித்து எதெது வந்தது என்று கேட்கும். படங்கள், எண்கள், நிறங்கள் என்று அரைமணி நேரம். அந்த மார்க்கை எடுத்துப் பத்திரமாக வைத்துக்கொள்வார்கள். அப்புறம் ஆட்டத்தில் எவனுக்காவது தலையில் அடிபட்டால் அதே சோதனை மறுபடியும். முதலில் எடுத்ததைவிடக் குறைந்தால் வெளியே உட்காரவேண்டியதுதான். வெளியே உட்கார்ந்தவன் இடத்தில் இன்னொருவன் நிற்பான், நின்றவன் லேசில் நகரமாட்டான். ஆகையால், முதல் மார்க்கையே குறைத்து வைத்துவிட்டால்? அதற்குக் கீழே விழ இடம் ஏது? இவ்வளவுதான் சூட்சுமம். கேட்கிறவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். வேலை போய்விடும் என்கிற பயம் வந்துவிட்டால் மனுஷனுக்கு எது பைத்தியக்காரத்தனம், எது புத்திசாலித்தனம் என்று பார்க்கவா தோன்றும்?

முதல் வருஷம் இந்த வித்தையைக் காதில் ஓதியவன் ஓடிஸ் கிரம்ப். அப்போது அணியிலேயே மூத்த ஆள், லமாண்டின் ஊர்க்காரன்.

"தப்பா போடுடா, ஆனா கேனத்தனமா போடாத. ரொம்பக் கொறஞ்சா மிஷினே பிடிச்சுக்கும். மூணு சரி, ஒண்ணு தப்பு. அளவாத் தோக்கணும், புரிஞ்சுதா?"

லமாண்டுக்கு நன்றாகவே புரிந்தது. ஒன்பது வருஷமும் அறுபத்தைந்து, அறுபத்தேழு, அறுபத்தாறு என்று தராசில் நிறுத்த மாதிரி வாங்கினான். இரண்டு தடவை களத்தில் மோதி விழுந்து, எழுந்து, எதிரணியின் பக்கமாக நடந்துபோயிருக்கிறான். இரண்டு தடவையும் மூன்றாம் நாள் சோதனையில் தேறினான். அடுத்த வாரமே ஆடினான். ஓடிஸுக்கு மனசுக்குள் ஒரு கும்பிடும் போட்டான்.

இந்த வருஷம்தான் விஷயம் வேறு.

தடுப்பாட்ட வரிசைக்கு நடுவில் நிற்பவன் லமாண்ட். அவன் ஹெல்மெட்டின் பின்னால் ஒரு பச்சைப் பொட்டு ஒட்டியிருக்கும். உள்ளே ரேடியோ இருக்கிறது என்று அர்த்தம். கோச் ஓரத்திலிருந்து ஐந்தாறு சொல் சொல்லுவார், அவன் திரும்பி மற்றப் பத்துப் பேருக்கும் அதைக் கத்த வேண்டும். பச்சைப் பொட்டுக்காரன் என்றால் அணிக்கே மூளை என்று பொருள். மே மாதப் பயிற்சியில் ஒரு நாள் கோச்சின் குரல் தெளிவாகக் காதில் விழுந்தது. லமாண்ட் திரும்பினான். பத்து முகங்கள் அவனையே பார்த்தன. வாயைத் திறந்தான். சொற்கள் இல்லை. போன இடமே தெரியவில்லை.

அவனுக்குப் பின்னால் ஆடும் டில்லியர்ட் வாயாடி, ஆனால் விசுவாசி. நிலைமையைப் பார்த்துவிட்டுத் தானே ஏதோ கத்திச் சமாளித்தான். அப்புறம் உடை மாற்றும் அறையில் லமாண்டைத் துண்டால் அடித்தான்.

"ஏன்டா கிழவா, காதுல பஞ்சா?"

"ரேடியோ வேலை செய்யலடா."

ஆட்கள் வந்து ரேடியோவைக் கழற்றிப் பார்த்தார்கள். ஒரு கோளாறும் இல்லை. பெட்வே சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று புதிது ஒன்றைப் பொருத்திவிட்டுப் போனார்கள். லமாண்ட் அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

அடுத்தது மகள் நைலா விஷயம். ஆறு வயசு. பள்ளிக்கூடத்திலிருந்து காரில் கூட்டிக்கொண்டு வருகிறான், ரேடியோவில் பாட்டு, பின்சீட்டில் அவள் ஆப்பிள் கடிக்கிறாள். "அப்பா, நம்ம வீடு தாண்டிடுச்சே," என்றாள். "உன்ன ஏமாத்திப் பாத்தேன்," என்று சிரித்தான். அவளும் சிரித்தாள். அடுத்த வாரமும் தாண்டிப் போனான். அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை. அம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டாள்.

இதற்கெல்லாம் முன்னால், மார்ச்சில், சொந்த ஊரான அலபாமாவுக்குப் போனபோது ஓடிஸைப் பார்த்துவிட்டு வந்திருந்தான். பார்க்காமலே இருந்திருக்கலாம். நாற்பத்தாறு வயசு ஆள். சமையலறை அலமாரிகளில் ஓடிஸின் மனைவி காகிதம் ஒட்டியிருந்தாள்: தட்டு, டம்ளர், இதைத் திறக்காதே. ஓடிஸ் காபி கொடுத்துவிட்டு, "நீ இன்னும் ஆடறியாடா?" என்று கேட்டான். லமாண்ட் பதில் சொன்னான். கொஞ்ச நேரத்தில் ஓடிஸ் மறுபடியும் அதையே கேட்டான். மூன்றாம் தடவையும் கேட்டபோது, அப்போதுதான் முதல் தடவை கேட்பதுபோல லமாண்ட் பதில் சொன்னான். விடைபெறும்போது ஓடிஸ் அவன் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு காதருகே குனிந்தான்.

"அந்தச் சோதனைய மறந்துடாத. மூணு சரி, ஒண்ணு தப்பு."

கேட்டதையே மூன்று தடவை கேட்ட ஆளுக்கு அது மட்டும் மறக்கவில்லை!

நைலா சொன்ன அன்றைக்கே அவன் மனைவி ரோஷெல் அவனைப் பிடித்துக்கொண்டாள். வழவழ பேச்சு அவளிடம் நடக்காது.

"ஒண்ணு கேக்கறேன், மழுப்பாம சொல்லு. வருஷா வருஷம் அந்தத் தலைச் சோதனையில தப்பாத்தான போட்டே?"

"எல்லாரும்தான் போடறாங்க, ரோ."

"நான் எல்லாரையுமா கட்டிக்கிட்டேன்? உன்னைக் கேக்கறேன்."

"சரி. ஆமா."

"இந்த வருஷம் நெசமாப் போடு. நல்லா வந்துச்சுன்னா போய் ஆடு, நான் வாயே தொறக்கமாட்டேன். வரலையா, மூட்டையக் கட்டிக்கிட்டு வீட்டுக்கு வா."

"நல்லா வந்தாலும் வம்புதான். போன வருஷம் அறுவத்தேழு, இந்த வருஷம் தொண்ணூறுன்னா, அத்தன வருஷமும் பொய்னு தெரிஞ்சுபோயிடுமே."

"தெரியட்டும். அதுக்காக உன்னத் தூக்குலயா போடப்போறாங்க? உன் தலைக்குள்ள என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரிஞ்சாகணும் லமாண்ட். உனக்குத் தெரிய வேண்டாமா?"

வேண்டாம் என்றுதான் அவனுக்குச் சொல்லத் தோன்றியது. எட்டு மைல் வேகமாக ஓடச் சொன்னாலும் ஓடுவான், முந்நூறு ராத்தல் ஆள் பாய்ந்து வந்தாலும் நெஞ்சைக் கொடுப்பான். இது வேறு மாதிரிப் பயம். ஆனாலும் சரி என்று தலையாட்டிவிட்டான், நைலாவின் பேரைச் சொல்லிச் சத்தியமும் செய்தான்.

சோதனை நாளும் வந்தது. வகுப்பறையில் ஏர்கண்டிஷன் இருந்தும் எல்லோருக்கும் வியர்த்தது. இந்தச் சோதனையை வருஷக்கணக்காக நடத்துகிற மிஸ் க்வென், கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டித் தொங்கவிட்டுக்கொண்டு, பெஞ்சுகளுக்கு நடுவே உலாத்தினாள். நரைத்த தலை, ஒடிசலான உடம்பு. அவள் ஒரு அதட்டுப் போட்டால் அத்தனை மலைகளும் அடங்கும்.

"நிதானமாப் போடுங்கப்பா. போன வருஷம் ஒரு மகராசன் சொந்தப் பேருலயே எழுத்துப்பிழை விட்டிருந்தான்."

"அது நான் இல்ல மிஸ் க்வென், எனக்கு நெசமாவே எழுத்து வராது," என்றான் டில்லியர்ட். எல்லோரும் சிரித்தார்கள். லமாண்டுக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளங்கையைத் தொடையில் துடைத்துக்கொண்டான்.

சொற்கள் வந்தன. ஏணி. வெண்ணெய். பாலம். ஒவ்வொன்றையும் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டான். ஒன்பது வருஷப் பழக்கம், நாலாவது கேள்வி வந்ததும் விரல் தானாகவே தப்புப் பதிலுக்குப் போனது. சீ, சும்மா இரு என்று விரலைப் பிடித்து இழுத்து வைத்தான். படங்கள் வந்தன, எண்கள் வந்தன. அப்புறம் மறுபடியும் சொற்கள், வந்ததா வரவில்லையா என்று. பாலமா, வந்தது. பஞ்சா, வரவில்லை. விளக்கா, வந்தது, வந்தது, நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஒரு கேள்விக்கும் அவன் தடுமாறவில்லை. முடித்துவிட்டு நிமிர்ந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஆனால் மனசு லேசாக இருந்தது. மிஞ்சிப்போனால் இரண்டு தப்பு இருக்கும், மூன்று இருக்காது.

அப்பாடா! ஒன்றுமில்லை, எனக்கு ஒன்றுமேயில்லை. வயசாகிறது, தூக்கம் போதவில்லை, அவ்வளவுதான். ஓடிஸைப் பார்த்துவிட்டு வந்து வீணாகப் பேயைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறேன். இப்படி நினைத்துக்கொண்டே சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனவன் பொரித்த கோழி நாலு துண்டு, சோள ரொட்டி, அதற்கு மேல் பீச் பழம் வைத்துச் சுட்ட இனிப்பு என்று ஒரு பிடி பிடித்தான்.

"மெதுவா தின்னுடா கிழவா, இன்னும் ஒருமணி நேரத்துல ஓடணும்," என்றான் டில்லியர்ட்.

"நீ ஓடு. நான் நின்ன எடத்துலயே உன்ன மடக்குவேன்."

"அடேங்கப்பா, இன்னிக்கு வாய் நீளுதே! சோதனையில மேலப் போட்டியா, கீழப் போட்டியா?"

லமாண்ட் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினான். அப்போதுதான் அடுத்த பயம் தலைகாட்டியது. தொண்ணூறு வந்திருக்கும். தொண்ணூற்றைந்துகூட வந்திருக்கும். மிஸ் க்வென் பழைய தாள்களையும் புதுத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாள், குட்டு உடையும். என்ன சொல்வது? பழைய வருஷங்களில் கண் சரியில்லை என்று சொல்லலாமா? கண்ணாடி போடுகிறவன் இல்லையே நான். தூக்கக் கலக்கம் என்றால், வருஷம் தவறாமலா தூக்கக் கலக்கம்?

யோசித்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் ஒருவன் வந்து கூப்பிட்டான். "பெட்வே! மிஸ் க்வென் வரச் சொன்னாங்க."

"மாட்டினடா," என்று டில்லியர்ட் சந்தோஷமாக மேஜையைத் தட்டினான். "உன் இனிப்ப நான் பாத்துக்கறேன், நீ போ."

அவளுடைய அறைக் கதவு திறந்தே இருந்தது. மேஜை மேல் காகிதக் கட்டு, திரையில் அவன் பேர். உட்காரச் சொன்னாள்.

"உன்னப் பத்திக் கொஞ்சம் பேசணும்னு இருந்தேன் லமாண்ட்."

"சொல்லுங்க மிஸ் க்வென்."

"இந்த அணியிலயே உன்ன மாதிரி இன்னொருத்தன் கெடையாது. மத்தவனெல்லாம் ஒரு வருஷம் மேல குதிக்கறான், ஒரு வருஷம் கீழ விழறான். நீ மட்டும் போட்ட கோடு மாதிரி வர்றே. போன வருஷம் அறுவத்தேழு, இந்த வருஷம் அறுவத்தாறு. முப்பத்து மூணு வயசுல இது பெரிய விஷயம். இந்தா, இங்க ஒரு கையெழுத்து, இங்க ஒண்ணு. ஆடலாம்."

பேனாவை நீட்டினாள். லமாண்ட் வாங்கவில்லை.

"அது என்னோடதுதானா? நல்லாப் பாருங்க."

"பெட்வே, லமாண்ட். எனக்குத் தெரிஞ்சு வேற ஒருத்தன் இல்ல." திரையை அவன் பக்கம் திருப்பினாள். "என்னப்பா, கொறஞ்சுபோச்சேன்னு வருத்தமா? ஒரு மார்க்தான். சொற்கள்ல கொஞ்சம் கோட்ட விட்டிருக்கே. இங்க பாரு, வராததெல்லாம் வந்ததுன்னு போட்டிருக்கே. படகு, மேளம், விளக்கு..."

லமாண்ட் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தான். விளக்கு. வந்ததே! கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில், பாலத்துக்கு அடுத்ததாக வந்ததே! இப்போது நெஞ்சில் கைவைத்துச் சொல்லச் சொன்னாலும் சொல்வான். படகும் வந்தது. மேளமும் வந்தது.

"ஒரு நிமிஷம்," என்று சொல்லிவிட்டு வெளியே வந்து சுவரில் சாய்ந்துகொண்டான். ஒன்பது வருஷம் பாடுபட்டுக் கஷ்டப்பட்டுக் கீழே இறக்கி வைத்த மார்க். இன்றைக்குப் பாடுபட்டு மேலே ஏறினான். வந்து நின்றது அதே இடத்தில்.

ஃபோன் அடித்தது. ரோஷெல்தான். காலையிலிருந்து பொறுத்திருந்திருக்கிறாள்.

"என்ன ஆச்சு?"

"வந்துடுச்சு."

"எவ்வளவு?"

"அறுவத்தாறு."

அந்தப் பக்கம் அவள் வெடித்தாள். "மறுபடியும் தப்புப் போட்டுட்டியா? புள்ள பேரச் சொல்லி சத்தியம் பண்ணிட்டுப் போய் அதே வேலையப் பண்ணியிருக்கியே, நீயெல்லாம் ஒரு மனுஷனா? வெக்கமா இல்ல உனக்கு?"

அவன் ஃபோனை இன்னொரு காதுக்கு மாற்றினான்.

"பேசேன்! வாயில என்ன கொழுக்கட்டையா?"

ரோஷெல்லின் மூச்சு மட்டும் கேட்டது. மறுபடியும் அவள் பேசியபோது குரல் மாறியிருந்தது. கோபமெல்லாம் போய், கெஞ்சலாக வந்தது.

"லமாண்ட். தப்பாத்தான போட்டே? சொல்லு. நான் திட்டமாட்டேன். ஆமான்னு ஒரு வார்த்த சொல்லிடு."

இரண்டு நிமிஷம் முன்னால்வரை இதற்காகத்தான் அவனைத் திட்டிக்கொண்டிருந்தாள். இன்றைக்கு ஏமாற்றினேன் என்று சொன்னால் போதும், அவள் நிம்மதியாகத் தூங்குவாள். அவனும் உள்ளே போய்க் கையெழுத்துப் போடலாம், ஹெல்மெட்டை மாட்டலாம், பச்சைப் பொட்டு இன்னொரு வருஷம் அவனுடையது. ஒரே ஒரு ஆமாம். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பின்சீட்டில் சிரிக்காமல் உட்கார்ந்திருந்த நைலாவின் முகமும் கூடவே வந்தது.

"இல்ல, ரோ. நெசமாத்தான் போட்டேன். நல்லாப் போட்டேன்னு நெனச்சேன்."

அவள் அழுகிற சத்தம் கேட்கவில்லை. அதுதான் அவனை இன்னும் உலுக்கியது. சாவிக்கொத்து குலுங்கும் சத்தம் கேட்டது.

"உள்ள போய் அந்தம்மாகிட்ட சொல்லிடு. அப்புறம் வாசல் கேட்டுகிட்ட நில்லு, நான் வந்து கூட்டிக்கறேன். வண்டிய நீ எடுக்காத. கேக்குதா? எடுக்காத."

"சரி."

மிஸ் க்வென் அடுத்தவனுடைய தாளில் மூழ்கியிருந்தாள். நிமிராமலே காகிதத்தையும் பேனாவையும் அவன் பக்கம் நகர்த்தினாள்.

"மிஸ் க்வென், இத்தன வருஷமும் நான் தப்பாப் போட்டேன். வேணும்னே போட்டேன்."

அவள் களுக்கென்று சிரித்தாள். "இதெல்லாம் ஒரு சேதியா? இருபத்திரண்டு வருஷமா இங்கதான குப்பை கொட்டறேன், நீங்க அடிக்கற கூத்து எனக்குத் தெரியாதா? சொன்னா மேல இருக்கறவங்க கேக்கவா போறாங்க? ஒவ்வொருத்தன் மார்க்குலயும் நானே மனசுக்குள்ள இருபதக் கூட்டிக்குவேன். உன் அறுவத்தாறு என் கணக்குல எம்பத்தாறு. நல்ல தலைதான் உனக்கு. கையெழுத்தப் போட்டுட்டுக் கெளம்பு, பிராக்டிஸுக்கு நேரமாச்சு."

"என்னோடதுல கூட்டாதீங்க, மிஸ் க்வென்."

"என்னது?"

"இந்த வருஷம் கூட்டாதீங்க. இது நெசமாப் போட்டது."

அவள் கை தாளின் மேல் அப்படியே நின்றது. மெல்ல நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றினாள். வெளியே மைதானத்தில் விசில் ஊதினார்கள். "கிழவா, எங்கடா தொலைஞ்சே?" என்று டில்லியர்ட் கத்துவது ஜன்னல் வழியாகக் கேட்டது. அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு, அவனுக்கு எதிரே இல்லாமல் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள்.

"எத்தன நாளா இப்படி, தம்பி?"

திரையில் அவன் தாள் இன்னும் திறந்தபடியே இருந்தது. லமாண்ட் அதைக் காட்டினான்.

"அந்த விளக்கு வந்துச்சு மிஸ் க்வென்," என்றான். "என் கண்ணால பாத்தேன்."